புகைபோக்கியில் பிடித்த நெருப்பு

1847-ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் பாராளுமன்றம் நகரங்களின் காவலையும் ஒழுங்கையும் குறித்து இயற்றிய சட்டமொன்றில், இன்று படிப்பவர்க்கு விசித்திரமாகத் தோன்றும் இரண்டு விதிகள் அடுத்தடுத்து வருகின்றன. புகைபோக்கிக்கு வேண்டுமென்றே தீ வைப்பவனுக்கு ஐந்து பவுன் வரை அபராதம் என்பது முதல் விதி. அது தற்செயலாகவே தீப்பற்றிக்கொண்டாலும், தன்னுடைய அல்லது தன் வேலைக்காரருடைய அஜாக்கிரதை அதற்குக் காரணமன்று என்பதை நீதிபதி ஏற்கும்படி நிரூபித்தாலன்றி, அவ்வீட்டில் குடியிருப்பவன் பத்து ஷில்லிங் வரை கட்டவேண்டும் என்பது இரண்டாவது. தன் வீட்டுப் புகைபோக்கிக்குத் தானே தீ வைக்கும் மனிதனும் உண்டோ என்று நாம் வியக்கலாம். நடவாத குற்றத்துக்கு எந்தச் சட்டமும் தண்டனை விதிப்பதில்லை. புகைபோக்கியைத் துடைத்துச் சுத்தம் செய்பவனுக்குக் கொடுக்கவேண்டிய கூலியை மிச்சப்படுத்த எண்ணி, கூரை நன்றாக நனைந்திருக்கும் மழைநாள் ஒன்றைத் தேர்ந்து, வைக்கோலையோ காகிதத்தையோ கொளுத்தி மேலே செலுத்தி, உள்ளே படிந்திருந்த கரியையெல்லாம் ஒரேயடியாக எரித்துத் தீர்த்துவிடும் வழக்கம் அந்நாட்டில் உண்மையாகவே இருந்தது. எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தியவனை நாம் பழமொழியில்தான் அறிவோம். அவனுக்கு அங்கே சட்டமே இயற்ற வேண்டியிருந்தது.

நம்முடைய வீடுகளில் புகைபோக்கி என்பது அடுப்பங்கரைக் கூரையின்மேல் இரண்டு முழம் எழும் ஒரு சிறு கூண்டு. அதில் தீப்பிடித்தது என்று எவரும் சொல்லிக் கேட்டதில்லை. நீலகிரியிலும் கொடைக்கானலிலும் வெள்ளைக்காரர் கட்டிய பழைய பங்களாக்களில் தங்கியவர்கள், கூடத்துச் சுவரில் மாடம்போல் குடைந்து, விறகிட்டு எரித்துக் குளிர்காய்வதற்கென்று அமைத்த கணப்பைப் பார்த்திருப்பார்கள். இங்கிலாந்தில் பழைய வீடுகள் பலவற்றில் இத்தகைய கணப்புகள் அறைதோறும் இருந்தன. ஒவ்வொரு கணப்பிலிருந்தும் ஒரு புகைவழி சுவரினுள்ளேயே எழுந்து, மாடியறைகளின் சுவரைத் தழுவி, கூரையின் அடிப்பரணைக் கடந்து, ஓடுகளுக்கு மேலே வானத்தில் வாய் திறக்கும். இருபத்துமூன்று சென்டிமீட்டர் அகலமும் நீளமுமான சதுரக் குழாய் என்று அதை ஒரு மதிப்பாக வைத்துக்கொள்ளலாம். அகலமானவையும் உண்டு, ஒடுங்கியவையும் உண்டு. வீட்டின் உடலுக்குள் ஓடும் இந்த நெடிய பொந்துக்குள்ளேதான் நாம் பேச வந்த தீ பிறக்கிறது. வெளியே தெருவில் நிற்பவனுக்குக் கூரையின்மேல் தீச்சுடர் பூத்திருப்பது தெரியும். உள்ளே இருப்பவனுக்கோ சுவருக்குள்ளிருந்து ஒரு முழக்கம் கேட்கும். தீ எரியும் இடத்தை நேருக்கு நேர் இருவரும் காண்பதில்லை.

அங்கே எரிவது என்ன? கணப்பில் இட்ட விறகு கணப்பிலேயே எரிகிறது. மேலே இருப்பது செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் மட்டுமே. இதற்கு விடையை ஒரு மெழுகுவர்த்தியில் காணலாம். மைக்கேல் பாரடே என்னும் பெரியார், லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் 1860-ஆம் ஆண்டுக் கிறிஸ்துமஸ் விடுமுறையின்போது சிறுவர்களுக்காகத் தொடங்கிய பிரசங்கங்களில், எரிகின்ற மெழுகுவர்த்தியை மெல்ல அணைத்து, திரியிலிருந்து எழும் வெண்புகையினிடையே இரண்டு மூன்று அங்குலத் தூரத்தில் ஒரு தீக்கொள்ளியை நீட்டிக் காட்டினார். நெருப்பு அந்தப் புகையின் வழியே இறங்கிச் சென்று திரியைத் தொட்டு மறுபடி எரிந்தது. சுடர் தின்னாமல் விட்டுப்போன எரிபொருளே புகை என்பதை இதைவிட எளிதாக விளக்க முடியாது. விறகும் அவ்வாறே. சூடேறிய விறகிலிருந்து பலவகை ஆவிகள் வெளிப்படுகின்றன. போதிய வெப்பமும் காற்றும் கிடைத்தால் அவை சுடராக எரிந்துவிடும். கிடைக்காவிட்டால், எரியாத ஆவியும் தார்த்துளிகளும் கரித்தூளும் நீராவியும் கலந்த புகையாகி மேலே செல்லும். மேலே செல்லச் செல்லப் புகைவழியின் சுவர் குளிர்ந்திருக்கிறது. சோற்றுப் பானையின் மூடியில் ஆவி வியர்த்து நிற்பதுபோல, அந்தக் குளிர்ந்த சுவரில் இந்தத் தாரெல்லாம் வியர்த்துப் படிகிறது. மேனாட்டார் இதனைக் கிரியோசோட் என்பர். முதலில் விரலால் தட்டினாலே உதிரும் கரிப்பொடியாக இருக்கும். நாளாக ஆகக் கருஞ்செதில்களாகப் பொருக்கு விடும். அதன்மேலும் தார் படிந்து சூடேறி உருகி உறையுமானால், கண்ணாடி பூசினாற்போல் பளபளத்து, தூரிகைக்கும் சுரண்டிக்கும் மசியாத ஒரு பூச்சாகிவிடும். இந்தக் கடைசிப் பூச்சே மிகப் பொல்லாதது.

ஆகவே, புகைபோக்கியில் தீப்பிடித்தது என்றால், சென்ற பல மாதங்களில் அவ்வீட்டார் எரித்த விறகின் எரியாத பகுதி, சிறிது சிறிதாகச் சேமிக்கப்பட்டு, இன்று ஒரே வேளையில் எரிகிறது என்று பொருள். சேமிப்பு வளர்வதற்கு ஈரவிறகு முதற்காரணம். அப்போதே வெட்டிய மரத்தின் எடையில் ஏறக்குறையப் பாதி தண்ணீர். அந்தத் தண்ணீரை ஆவியாக்குவதிலேயே நெருப்பின் வலிமை செலவழிந்துபோவதால், சுடர் சோர்ந்து புகை மிகுகிறது. ஓராண்டுக்கும் மேலாகக் காற்றோட்டமான இடத்தில் அடுக்கி உலர்த்திய விறகில் ஈரம் ஐந்திலொரு பங்குக்குக் கீழே இறங்கிவிடும். பைன் போன்ற பிசின் மரங்களை எரிப்பதே ஆபத்துக்குக் காரணம் என்று கிராமத்தார் பலர் நம்புகிறார்கள். மரத்தின் ஜாதியைவிட மரத்தின் ஈரமே பெரிய குற்றவாளி என்பது ஆராய்ந்தவர்களுடைய முடிவு. இரண்டாவது காரணம், இரவு முழுவதும் நெருப்பு அவியாமல் கனன்றுகொண்டிருக்கட்டும் என்று இரும்புக் கணப்படுப்பின் காற்றுவாயை ஒடுக்கிவிட்டுப் படுக்கைக்குப் போவது. 1973-ஆம் ஆண்டில் எண்ணெய் நெருக்கடி ஏற்பட்டு, அமெரிக்காவில் பல குடும்பங்கள் எண்ணெயை விட்டு மீண்டும் விறகுக்குத் திரும்பியபோது, காற்று புகாதபடி இறுக்கிச் செய்த அடுப்புகள் பெருவாரியாக விற்பனையாயின. விறகைச் சிக்கனமாக எரிப்பதில் அவை நிகரற்றவை; அந்தச் சிக்கனமே புகைபோக்கியில் தாராகப் படிந்து, எண்ணெய் எரித்த காலத்தில் ஏறக்குறைய மறக்கப்பட்டிருந்த விபத்தை மீண்டும் கொண்டுவந்து சேர்த்தது.

இனி, தீப்பற்றும் வேளைக்கு வருவோம். குளிர் அதிகமான ஒரு மாலையில், காய்ந்த சுள்ளியையும் பழங்காகிதத்தையும் அள்ளிப் போட்டு எவரோ பெருநெருப்பு மூட்டுகிறார்கள். நீண்ட சுடரொன்று புகைவழிக்குள் நாக்கை நீட்டி, படிந்திருந்த தாரை நக்குகிறது. அது பற்றிக்கொண்டபின் நடப்பது வேறு. புகைபோக்கி என்பது காற்றை இழுப்பதற்கென்றே கட்டிய யந்திரம். உள்ளே இருக்கும் சூடான வாயு லேசானது, வெளியே இருக்கும் குளிர்ந்த காற்று கனமானது, கனமானது லேசானதை மேலே தள்ளுகிறது. எட்டு மீட்டர் உயரமுள்ள புகைவழியில் 200 டிகிரி சூடுள்ள வாயு நிரம்பி, வெளியே நீர் உறையும் குளிராக இருக்குமானால், இந்தத் தள்ளுவிசை நான்கரை மில்லிமீட்டர் உயரமுள்ள நீர்த்தம்பத்தின் அழுத்தத்துக்கு ஏறக்குறையச் சமம். உள்ளே சூடு 1000 டிகிரியானால் அதுவே எட்டு மில்லிமீட்டராகிவிடும். அதாவது, தீ மூண்டவுடன் துருத்தியின் விசை ஏறக்குறைய இரட்டிக்கிறது. விசை இரட்டித்ததால் தீ மேலும் மூள்கிறது. கொல்லனுடைய உலை இப்படித் தன் துருத்தியைத் தானே ஊதிக்கொள்ளுமானால் எப்படியிருக்குமோ, அப்படி. ரயில்வண்டி வீட்டின்மேல் ஓடுவதுபோன்ற முழக்கமும், அடுப்புக் கதவின் அதிர்ச்சியும், கூரைக்கு மேலே பூவாணம் விட்டாற்போன்ற தீப்பொறிகளும் இந்தக் காற்றோட்டத்தின் விளைவுகளே. சூடு 1100 டிகிரியை எட்டுவதுண்டு. வெண்கலம் உருகுவதற்கு அவ்வளவு சூடுகூட வேண்டியதில்லை.

புகைவழிக்குள்ளேயே எரிந்து தணிந்துவிடுமானால் கவலையில்லை. மழைநாளில் தீ வைத்த அந்தக் கஞ்சர்களுடைய நம்பிக்கையும் அதுதான். நம்பிக்கை பொய்க்கும் வழிகள் பல. புகைவழியின் உட்புறத்தில் பதித்த களிமண் குழாய்கள் சட்டென்று ஏறிய சூட்டினால் நெடுக வெடிக்கின்றன. பழைய சாந்து உதிர்ந்து செங்கற்களின் இடுக்குகள் திறந்துகொள்கின்றன. முற்காலத்துக் கொத்தனார்களோ, மாடித்தளத்தைத் தாங்கும் உத்தரத்தின் முனையைப் புகைபோக்கியின் சுவரிலேயே செருகிவிட்டுப் போயிருப்பார்கள். இருநூறு ஆண்டுகளாக வெதுவெதுப்பிலேயே கிடந்து கரிந்துபோன அந்த மரத்தலைக்கு ஒரு சிறு வெடிப்பின் வழியே வரும் பொறியே போதும். வேயப்பட்ட கூரையானால் மேலிருந்து விழும் பொறியும் அஞ்சத்தக்கது. டெவன், டார்செட் முதலிய தென்மேற்கு மாவட்டங்களில் புல்வேய்ந்த வீடுகள் இன்றும் இருப்பதால், அப்பகுதித் தீயணைப்புப் படையினர் புகைபோக்கித் தீ என்று அழைப்பு வந்தவுடன், கூரை ஓடா, புல்லா என்பதையே முதலில் விசாரிக்கிறார்கள்.

அமெரிக்கக் குடியேற்றங்களின் ஆரம்ப வரலாற்றில் இந்த அச்சம் தெளிவாகப் பதிந்திருக்கிறது. மரச்சட்டங்களை நட்டுக் களிமண் பூசி அதையே புகைபோக்கியென்று வைத்துக்கொண்டவர்கள் அங்கே குடியேறியவர்கள். பாஸ்டனில் 1631-ஆம் ஆண்டில் அவ்விதமான புகைபோக்கியிலிருந்து வீடொன்று எரிந்துபோகவே, இனி எவரும் மரத்தால் புகைபோக்கி கட்டலாகாது, புல்லால் கூரை வேயலாகாது என்று விதித்தார்கள். இன்று நியூயார்க் எனப்படும் டச்சுக் குடியேற்றத்தில், 1648-இல், வீடுவீடாகச் சென்று புகைபோக்கிகளைப் பார்வையிடும் அதிகாரிகள் நியமிக்கப்பட்டார்கள். அழுக்கேறிய புகைபோக்கிக்கு அபராதம். பிலடெல்பியாவில் பெஞ்சமின் பிராங்க்லின், 1736-இல் தன்னார்வத் தீயணைப்புச் சங்கம் ஒன்றை நிறுவுவதற்கு முந்தைய ஆண்டில், தம் பத்திரிகையில் இதைப்பற்றி ஒரு கடிதம் எழுதினார். துடைத்துச் சில நாட்களே ஆன புகைபோக்கிகள்தாம் மிக உக்கிரமாகத் தீப்பற்றுகின்றன என்று அவர் அதில் கவனித்திருப்பது எனக்குப் பெரிதும் ரசமாகத் தோன்றுகிறது. சுத்தமாகிவிட்டது என்ற நம்பிக்கையில் வீட்டார் பெருநெருப்பு மூட்டுகிறார்கள். துடைத்தவனோ அரைகுறையாகத் துடைத்திருக்கிறான். ஆதலால், துடைத்த பதினைந்து நாளுக்குள் தீப்பிடித்தால் அபராதத்தைத் துடைத்தவனே கட்டவேண்டும் என்பது அவருடைய யோசனை. மின்னலை ஆராய்ந்தவருக்கு மனித சுபாவமும் தெரிந்திருந்தது.

தீயை அணைப்பதற்கு முற்காலத்தார் கையாண்ட உபாயங்களில் சில அறிவுடையன, சில வேடிக்கையானவை, ஒன்று கொடியது. நனைத்த கம்பளத்தையோ சாக்கையோ கணப்பின் வாயில் விரித்துப் பிடித்துக் காற்றை நிறுத்துவது அறிவுள்ள உபாயம். கணப்பு நெருப்பில் கைநிறையக் கந்தகத்தைத் தூவுவதும் அப்படியே. கந்தகம் எரிந்து பிராணவாயுவைத் தின்பதோடு, எரிதலுக்கு உதவாத கனத்த வாயுவாகிப் புகைவழி முழுவதையும் நிரப்பிவிடுகிறது. துப்பாக்கியில் மருந்தை மட்டும் கெட்டித்து மேல்நோக்கிச் சுட்டு, அதிர்ச்சியில் கரி பொலபொலவென்று உதிரட்டும் என்று காத்திருந்தவர்களும் உண்டு. கரியோடு செங்கல்லும் உதிர்ந்தால் என் செய்வது என்று அவர்கள் யோசித்ததாகத் தெரியவில்லை. கொடிய உபாயம் எதுவென்றால், புகைபோக்கி துடைக்கும் தொழிலாளிகள் வாங்கி வைத்திருந்த சிறுவர்களை ஏவுவது. ஒன்பது அங்குலச் சதுரத்துக்குள் முழங்காலையும் முழங்கையையும் ஊன்றி ஏறிக் கரியைச் சுரண்டுவது அவர்களுடைய அன்றாட வேலை. தீப்பிடித்த புகைபோக்கிக்குள்ளும் அவர்களை அனுப்பினார்கள். எட்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகளை இத்தொழிலில் சேர்க்கலாகாது என்று 1788-இல் இங்கிலாந்தில் ஒரு சட்டம் வந்தது. எவரும் அதைப் பொருட்படுத்தவில்லை. 1840-இலும் 1864-இலும் மேலும் சட்டங்கள் வந்தன. தொழில் செய்பவர் ஒவ்வொருவரும் போலீசாரிடம் உரிமம் பெறவேண்டும் என்று 1875-இல் விதித்த பிறகே அந்த வழக்கம் ஒழிந்தது. கரியினால் இச்சிறுவர்களுக்குப் பிற்காலத்தில் உண்டான புற்றுநோயை, 1775-ஆம் ஆண்டிலேயே பெர்சிவல் பாட் என்னும் ரணவைத்தியர் எழுதிவைத்தார். தொழிலால் வரும் புற்றுநோயைப் பற்றிய முதற்குறிப்பு அதுவே.

இங்கிலாந்தில் இக்காலத்துத் தீயணைப்புப் படையினர் செய்வதைப் பார்த்தால், தீயணைப்பு என்றதும் நம் மனக்கண்ணில் தோன்றும் பெரிய குழாய்களும் பீறிட்டடிக்கும் நீரும் அங்கே இல்லாதது முதலில் ஆச்சரியமாக இருக்கும். வீட்டுக்குள் நுழைந்தவர்கள், வந்தவுடன் கணப்புக்கு முன்னுள்ள விரிப்பைச் சுருட்டி, நாற்காலிகளை நகர்த்தி, தரையில் தடித்த துணியை விரிக்கிறார்கள். கல்யாண வீட்டில் பந்தி போடுபவர்களுடைய நிதானம் அவர்களிடம் காணப்படும். வீட்டாரை வெளியேற்றியிருப்பார்கள்; ஏனென்றால், காற்றை அடைத்த புகைவழியிலிருந்து கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சுவாயு பின்வாங்கி மாடியறைகளில் பரவக்கூடும், அதற்கு வாசனையும் இல்லை, நிறமும் இல்லை. ஒருவர் மாடிக்கும், ஒருவர் கூரையடிப் பரணுக்கும் போய், புகைபோக்கி செல்லும் சுவரைப் புறங்கையால் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். கணப்பில் எரியும் விறகையும் தணலையும் முறத்தால் வாரி இரும்பு வாளியில் இட்டு வெளியே கொண்டுபோவார்கள். கீழேயுள்ள நெருப்பு போய்விட்டால் மேலேயுள்ள தீக்கு அடியிலிருந்து வரும் சூடு நின்றுவிடும்.

அதன்பின் கழிகளை எடுக்கிறார்கள். ஒன்றின் தலையில் மற்றொன்றைத் திருகி நீட்டிக்கொண்டே போகக்கூடிய, வளைந்துகொடுக்கும் கழிகள் இவை. புகைபோக்கி துடைப்பவனுடைய தூரிகைக் கழிகளின் உடன்பிறப்புகள் என்று சொல்லலாம். தூரிகை இருக்கவேண்டிய நுனியில், நாற்புறமும் நுண்துளிகளாக நீரைச் சிதறும் பீச்சுமுனை ஒன்று பொருத்தியிருக்கும்; அதற்கு நீரைக் கொண்டுசெல்லும் சிறிய ரப்பர்க் குழாய் கழியோடு கூடவே ஏறும். நீரை அனுப்புவதற்கு வாளிக்குள் நிறுத்திக் கையால் அடிக்கும் ஸ்டிரப் பம்பு ஒன்றே போதும். இரண்டாம் உலக யுத்தத்தில் ஜெர்மானியர் வீசிய தீக்குண்டுகளை அணைக்க இங்கிலாந்துக் குடும்பத்தினர் பயன்படுத்திய அதே பம்பு, யுத்தம் முடிந்து வெகுகாலத்துக்குப் பிறகும் தீயணைப்பு வண்டிகளில் இடம்பெற்றதற்குப் புகைபோக்கித் தீயே முக்கிய காரணம். கணப்பின் வாயில் ஈரத்துணியைத் தொங்கவிட்டு, அதன் இடையே கழியை நுழைத்து, ஒரு சாண் ஏற்றிச் சிறிது பீச்சுவதும், நிறுத்திக் காதுகொடுத்துக் கேட்பதும், மறுபடி ஒரு சாண் ஏற்றுவதுமாகக் காரியம் நடக்கிறது. மேலே முழக்கம் குறைந்து, கூரைமேல் கரும்புகை வெண்மையாக மாறுவதைத் தெருவில் நிற்பவர் பார்த்துச் சொல்ல, உள்ளே பம்படிப்பவர் கையைத் தளர்த்துகிறார்.

இவ்வளவு சிக்கனம் எதற்கு? ஒரு கணக்கைப் போட்டால் விளங்கிவிடும். ஒரு லிட்டர் நீர் ஆவியாகும்போது ஏறக்குறைய 1700 லிட்டர் இடத்தை அடைத்துக்கொள்கிறது. நாம் முன்னே மதிப்பிட்ட எட்டு மீட்டர்ப் புகைவழியின் கொள்ளளவோ சுமார் 420 லிட்டர்தான். ஆகவே, ஒரே ஒரு லிட்டர் நீர் முழுவதும் ஆவியானால் அந்தப் புகைவழியை நான்கு தடவை நிரப்பி, அங்கிருந்த காற்றையெல்லாம் வெளியே துரத்திவிடும். அன்றியும், அறைச் சூட்டிலிருக்கும் நீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர எவ்வளவு வெப்பம் வேண்டுமோ, அதைப்போல் ஆறரை மடங்குக்கும் அதிகமான வெப்பம் கொதித்த நீரை ஆவியாக்குவதற்கு வேண்டும். அவ்வளவையும் நீர் அந்தத் தீயிடமிருந்தே பறித்துக்கொள்கிறது. தீயணைப்பில் நீரின் பெருமை அது நனைப்பதில் இல்லை, ஆவியாவதில் இருக்கிறது என்பதைப் புகைபோக்கியைப்போல் வேறெதுவும் காட்டாது. அனுபவமுள்ளவர்கள் சிலர் இதையும் சுருக்கி, கணப்பிலுள்ள தணலை வாரிக்கொட்டுவதற்கு முன் அதன்மேல் கொஞ்சம் கொஞ்சமாக நீரைத் தெளிப்பார்கள். எழும் ஆவியைப் புகைபோக்கி தானே உறிஞ்சி மேலே கொண்டுபோய்விடும். தீயை வளர்த்த இழுப்பே அப்போது தீயணைப்பவருடைய ஊழியனாகிறது.

அதே நீரை அவசரப்பட்டுக் கூரையேறி மேலிருந்து குடங்குடமாகக் கவிழ்த்தால் நடப்பது முற்றும் விபரீதம். செந்தணலாகக் காய்ந்திருக்கும் களிமண் குழாய், சுட்ட சட்டியில் குளிர்ந்த நீரை ஊற்றினாற்போல் படீரென்று பிளந்துபோகும். திடீரென்று பொங்கிய ஆவி மேலே போக இடம் போதாமல் கீழ்நோக்கிப் பாய்ந்து, கொதிக்கும் கரியோடு அறைக்குள் வந்து நிற்பவர் முகத்தில் அடிக்கும். ஆவியாகாமல் மிஞ்சிய நீரோ கருங்குழம்பாக இறங்கிச் சுவரையும் தரையையும் நாசமாக்கும். தீ அணைந்துவிட்டாலும், பிளந்துபோன குழாய் பிளந்ததுதான். அடுத்த குளிர்காலத்தில் அந்தப் பிளவின் வழியே புகையும் பொறியும் மரத்தைத் தேடிப் போகும்.

அமெரிக்காவில் கூரைவழி வேலையும் மிகுதியாக நடக்கிறது. ஏணி சாய்த்து ஏறியவர், கனத்த இரும்புக் குண்டு கட்டிய சங்கிலியைப் புகைவழிக்குள் இறக்கிச் சுழற்றி, எரிகின்ற தாரைச் சுவரிலிருந்து உதிர்த்துக் கணப்பில் விழச் செய்கிறார்; கீழே இருப்பவர் அதை வாரி வெளியேற்றுகிறார். சமையல் சோடா எனப்படும் சோடியம் பைகார்பனேட்டு, அல்லது அம்மோனியம் பாஸ்பேட்டுப் பொடியைச் சிறு பிளாஸ்டிக் பைகளில் கட்டி மேலிருந்து ஒவ்வொன்றாகப் போடும் முறையும் உண்டு. வெப்பத்தில் பை உருகி, பொடி தூசிப்படலமாக விரிந்து, சுடரைத் தொடர்ந்து நடத்தும் ரசாயனச் சங்கிலியை இடையே அறுத்துவிடுகிறது. பொடி நிரப்பிய அணைப்பானைக் கணப்புக்குள் ஒரு கணம் மட்டும் அழுத்தி, இழுப்பே அதை மேலே கொண்டுபோகும்படி விடுவதும் இதன் மறுவடிவம். பொடி நனைப்பதில்லை, குழாயை வெடிக்கச் செய்வதில்லை. ஆனால் சுவரிலுள்ள சூட்டையும் அது தணிப்பதில்லை. அதனால் சற்று நேரத்தில் மறுபடி பற்றிக்கொள்வதும் உண்டு. என்னைக் கேட்டால், ஆங்கிலேயருடைய கழியையும் வாளியையுமே நான் மெச்சுவேன். பனிக்கட்டி படிந்த சரிவான கூரையில் நள்ளிரவில் ஒரு மனிதனை ஏற்றவேண்டிய அவசியம் அதில் இல்லை.

வீட்டார் தாமே செய்யக்கூடியது சொற்பம். இரும்படுப்பானால் கதவையும் காற்றுவாய்களையும் இறுக மூடிவிட்டு, தீயணைப்புப் படையை அழைத்துவிட்டு, குழந்தைகளுடன் வெளியே வந்து நிற்பதே அது. காற்றை மூடினால் இரும்படுப்புத் தீயின் உக்கிரம் பெரும்பாலும் குறைந்துவிடும். திறந்த கணப்பில் அந்த வசதி இல்லை.

தீ அணைந்தபின்தான் இத்தொழிலின் மிகச் சிரமமான பகுதி தொடங்குகிறது. அது பெரும்பாலும் சும்மா இருப்பதாகவே இருக்கும். புகைபோக்கியின் சுவர் அரைச் செங்கல் கனம், அதாவது ஏறக்குறைய பதினொரு சென்டிமீட்டர். செங்கல் வெப்பத்தை மெதுவாகவே கடத்துகிறது. உட்புறத்தில் மூண்ட சூடு அதை ஊடுருவி மறுபக்கத்திலுள்ள மரத்தை அடைவதற்கு மணிக்கணக்காகும். ஆகவே, உள்ளே தீ அவிந்து குளிர்ந்துகொண்டிருக்கும் அதே வேளையில், சுவரின் வெளிப்பக்கம் இன்னும் சூடேறிக்கொண்டே இருக்கும். முற்காலத்தில் புறங்கை ஒன்றுதான் இதற்குக் கருவி. இப்போது வெப்பத்தையே படமாகக் காட்டும் காமிராக்கள் வந்துவிட்டபடியால், படுக்கையறைச் சுவரில் காகிதம் ஒட்டிய பூவேலைக்குப் பின்னே, ஓர் உத்தரத்தின் தலை வெண்மையாக ஒளிர்வதை அவர்கள் பார்த்துவிடுகிறார்கள். அப்படித் தென்பட்டால் காகிதத்தையும் சாந்தையும் பெயர்த்துத்தான் ஆகவேண்டும். வீட்டு எஜமானி வருத்தப்படுவாள். ஆனால் மூடிய சுவருக்குள் கனன்றுகொண்டிருக்கும் மரம், எல்லாரும் உறங்கியபின் விடியற்காலையில் சுடர்விடும்.

கணப்புக்குள் ஒரு முகம்பார்க்கும் கண்ணாடியைச் சாய்வாக வைத்து, அதில் தெரியும் புகைவழியை அண்ணாந்து பாராமலே கடைசிவரை பார்வையிடுவது பழைய முறை; இன்றும் அதைக் கைவிட்டார்களில்லை. செந்நிறமாக எங்கும் ஒளிராமல், உச்சியிலே கையகலத்துக்கு வானம் தெரிந்தால் வழி திறந்திருக்கிறது என்று அர்த்தம். காக்கை இனத்தைச் சேர்ந்த ஜாக்டா என்னும் பறவைகள் சுள்ளிகளைக் கொண்டுவந்து போட்டுக் கட்டிய கூடுகளால், அந்தக் கையகல வானமும் சில வீடுகளில் தெரியாமற் போவதுண்டு. குழாய்களை முழுவதும் துடைத்து, வெடிப்பு உண்டா என்று உள்ளே காமிராவை விட்டுச் சோதித்தபின்னரே மறுபடி நெருப்பு மூட்டலாம் என்று சொல்லிவிட்டுப் படையினர் விடைபெறுகிறார்கள். இக்காலத்தில் விற்கும் புகைபோக்கிகளில் தீயைத் தாங்கும் வகையென்று முத்திரை பெறவேண்டியவற்றை, 1000 டிகிரிச் சூட்டில் அரைமணி நேரம் வைத்துப் பரீட்சிக்கவேண்டும் என்று ஐரோப்பிய நியமம் கூறுகிறது. பழைய வீடுகளின் செங்கல் வழிகளுக்கு இத்தகைய பரீட்சை ஒன்றும் நடந்ததில்லை. அதனால் இரண்டு மூன்று மணி நேரம் கழித்து, வண்டி மீண்டும் ஒருமுறை அவ்வீட்டு வாசலில் வந்து நிற்கும். மணியடிப்பதில்லை, ஓட்டமும் இல்லை. ஒருவர் மட்டும் மாடியேறிச் சென்று, படுக்கையறைச் சுவரில் புறங்கையை வைத்துப் பார்த்துவிட்டு இறங்கி வருகிறார்.